அட்டையில் துளை போட்ட அறிஞர்

கீபோர்டில் அடித்த பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் புரோகிராம் நம் லேபில் எல்லோரும் போட்டதுதான். பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை ஒப்பிட்டு இடம் மாற்றும் பபிள் சார்ட். 10 பெயருக்கு அதிகபட்சம் 45 ஒப்பீடு. 6 கோடி பெயர் என்றால் 18 கோடி கோடி! கம்ப்யூட்டரே இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட மலையைப் பெயர்த்தவர்தான் ஹெர்மன் ஹாலரித்.

1860 பிப்ரவரி 29 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். பள்ளியில் எழுத்துக்கூட்டல் என்றாலே அவருக்கு நடுக்கமாம். ஆனாலும் 19 வயதில் நியூயார்க்கில் சுரங்கப் பொறியியல் படித்து முடித்து, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைக்குப் போனார். 1880 கணக்கெடுப்பைக் கையாலேயே கூட்டி முடிக்க ஏழெட்டு வருஷம் ஆனது. இதற்கு ஒரு மெஷின் வேண்டும் என்ற எண்ணம் அவர் மனசில் ஒட்டிக்கொண்டது. ரயில் கண்டக்டர் டிக்கெட்டில் துளை போடுவதைப் பார்த்தார், வழி பிறந்தது.

ஆளுக்கு ஓர் அட்டை. வயது, தொழில் எல்லாம் துளைகள். துளை வழியாகக் கம்பி பாதரசத்தைத் தொட்டால் மின்சாரம் பாயும், முள் நகரும், அட்டை போகவேண்டிய பெட்டியின் மூடி தானே திறக்கும். 1890 இல் 6 கோடிக்கு மேற்பட்ட மக்களின் கணக்கு இப்படித்தான் முடிந்தது.

பின்னால் வந்த சார்ட்டர் மெஷினின் முறை ரொம்ப எளிது. 31, 22, 21 என்று மூன்று அட்டை. முதலில் கடைசி இலக்கப்படி பிரித்தால் 31, 21, 22. அந்த வரிசை கலையாமல் முதல் இலக்கப்படி பிரித்தால் 21, 22, 31. ஒப்பீடே இல்லை! எழுத்துக்கு இரண்டு துளை என்று வந்தபிறகு பெயர்களையும் இப்படியே அடுக்கினார்கள்.

1896 இல் அவர் தொடங்கிய கம்பெனி, 1911 இல் வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924 இல் ஐ.பி.எம். ஆனது. 1929 நவம்பர் 17 அன்று அவர் காலமானார்.

எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஓர் அலுவலகத்தில் அம்மாவைப் பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நான் போய்ப் பார்த்தேன். பெயர் இருந்தது, கடைசிப் பக்கத்தில்! யாரோ ஸ்மால் லெட்டரில் அடித்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்குக் கேப்பிடல் ஏ 65, ஸ்மால் ஏ 97. அதனால் கேப்பிடல் பெயரெல்லாம் முடிந்த பிறகுதான் அம்மா.

ஆகவே நண்பர்களே, ஒப்பிடும் முன் எல்லாப் பெயரையும் ஒரே வகை எழுத்துக்கு மாற்றுங்கள். நமக்கு அது ஒரு வரிதான். அந்த வரி இல்லாவிட்டால் ஓர் ஆள் காணாமல் போய்விடுவார்.