நண்பன் பெயரில் ஒரு கார்

எபிசைக்ளிக் கியர் கணக்கு என்றாலே நமக்குத் தலை சுத்தும். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் எனக்கு ஆளில்லை. ஆனால் அந்தக் கியரோடு வாழ்ந்தே பெயர் பெற்றவர் வால்டர் கோர்டன் வில்சன்.

1874-ல் அயர்லாந்தில் பிறந்தவர். பெர்சி பில்ச்சர் என்ற நண்பரின் விமானத்துக்கு எஞ்சின் செய்தார். 1899-ல் எல்லோருக்கும் பறந்து காட்ட வேண்டிய சமயத்தில் கிராங்க் ஷாஃப்ட் உடைஞ்சு போச்சு. வந்தவர்களை ஏமாற்ற மனமில்லாமல் பில்ச்சர் தன் கிளைடரில் ஏறினார். அதன் வால் முறிந்து விழுந்தவர் இரண்டு நாளில் இறந்தார். வயது 32. லேத்தில் ஒரு ஜாப் வீணானாலே எனக்கு ராத்திரி தூக்கம் வராது. வில்சனுக்கு எப்படி இருந்திருக்கும்!

விமானத்தை விட்டுவிட்டுக் கார் செய்ய வந்தார். எபிசைக்ளிக் கியர் வைத்த அந்தக் காரின் பெயர் வில்சன்-பில்ச்சர். 1915-ல் லிங்கன் நகரில் வில்லியம் ட்ரிட்டனோடு சேர்ந்து உலகின் முதல் டாங்கியை வடிவமைத்தார்.

அவருடைய ப்ரீசெலக்டர் கியர் பாக்ஸ்தான் டெய்ம்லர் டிங்கோ, ஃபெர்ரட் என்ற பிரிட்டிஷ் ராணுவக் கவச வேவு கார்களில் இருப்பது. கியரை லீவரில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்து வைக்கலாம். பெடலை மிதித்தால்தான் மாறும்.

1957-ல் அவர் காலமானபோது ஃபெர்ரட் இன்னும் தயாராகிக்கொண்டிருந்தது. பழைய ஃபெர்ரட்டை வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இன்றும் அந்தப் பெடலுக்குப் பயப்படுவார்கள். உள்ளே பிரேக் பேண்ட் அட்ஜஸ்ட்மென்ட் சரியில்லேன்னா, அது திருப்பி உதைச்சுக் காலைப் பதம் பார்த்துடும்.