இளவரசரைக் கொன்றது யார்?

பழைய ரோமாபுரியில் நடப்பதாக வைத்து மேல்நாட்டார் பல துப்பறியும் கதைகள் எழுதியிருக்கிறார்கள். சோழ நாட்டில் உண்மையாகவே நடந்த ஒரு கொலையைக் கதையாக்கித் தமிழ் மக்களைத் திகைக்க வைத்தவர் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி.

மாயவரம் அருகே புத்தமங்கலத்தில் 1899-ம் ஆண்டு பிறந்தார். காந்திஜியின் அழைப்பைக் கேட்டுப் பள்ளிப் படிப்பை விட்டார், சிறை சென்றார். 1941-ல் 'கல்கி' பத்திரிகையைத் தொடங்கினார்.

அதில் 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தது. அப்போது அவர் சென்னை அடையாறு காந்தி நகரில் குடியிருந்தார்.

கதையில் இளவரசர் ஆதித்த கரிகாலர் கொலையுண்டு கிடக்கிறார். பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது. உண்மைக் கொலையாளி யார்?

உடையார்குடிக் கோவில் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்கிறது. அவர்களைத் தூண்டிவிட்டவர் யார் என்று அது சொல்லவில்லை. சரித்திரம் சொல்லாததைக் கல்கியும் அடித்துச் சொல்லவில்லை. ஆதாரம் இல்லாமல் எவர் மீதும் கொலைப் பழி சுமத்த அவர் விரும்பவில்லை.

முடிவு போதவில்லை என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். அவர்களுக்காகத் தனியே முடிவுரை எழுதினார்.

1954 டிசம்பர் 5-ந் தேதி, 55-வது வயதில், கல்கி காலமானார். அவர் விட்டுச் சென்ற கேள்வி மட்டும் வீட்டுக்கு வீடு இன்னும் விவாதிக்கப்படுகிறது!