சுரங்க வண்டியை விளையாட்டு வண்டியாக்கியவர்

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டால் போதும். பெரம்பலூர், அரியலூர்ப் பிள்ளைகள் சென்னைக்குப் போகவேண்டும் என்று வீட்டில் நச்சரிக்கத் தொடங்கிவிடுவார்கள். கேளிக்கைப் பூங்காவில் மேடு ஏறிப் பள்ளத்தில் பாயும் ரோலர் கோஸ்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டுமாம்! தகப்பனாருக்குச் செலவுக் கணக்கு. தாயாருக்கோ நெஞ்சில் பயம். இந்த விளையாட்டை உலகெங்கும் பரப்பிய லமார்கஸ் தாம்ப்ஸனின் கதையை இருவரும் தெரிந்துகொள்வது நல்லது.

காலுறை வியாபாரி

தாம்ப்ஸன் 1848-ம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹையோ மாகாணத்தில் பிறந்தார். சிறு பிராயத்திலேயே தச்சுவேலையில் கை தேர்ந்தவர். பிறகு இந்தியானா மாகாணத்தில் தையல் மூட்டு இல்லாத காலுறைகள் செய்து நல்ல பணம் சேர்த்தார். ஆனால் ஓயாத உழைப்பு உடம்பைக் கெடுத்துவிட்டது. தொழிலை விட்டு விலகினார்.

கழுதைக்கும் சவாரி!

பென்ஸில்வேனியா மலை ஒன்றில் 1827-ல் நிலக்கரிக்காக ஒரு தண்டவாளம் போட்டிருந்தார்கள். கரி வண்டிகள் சரிவில் தாமாகவே இறங்கும். காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துச் செல்லும். இறங்கும்போது அந்தக் கழுதைகளுக்கும் வண்டியில் இடம் உண்டு! பின்னாளில் மனிதர்களும் காசு கொடுத்து அதில் ஏறினார்கள்.

அரியலூர்க்காரர்களுக்குச் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சரக்கு வண்டியும் புதிதல்ல. அப்படிப்பட்ட சுரங்க வண்டியில்தான் தாம்ப்ஸன் ஒரு விளையாட்டைக் கண்டார். அவர் பக்திமான். இளைஞர்கள் மதுக்கடைகளில் சீரழிவதைக் கண்டு வருந்தியவர். ஏழையும் குடும்பத்தோடு வந்து மகிழ ஒரு வேடிக்கை வேண்டும் என்று எண்ணினார்.

ஐந்து சென்ட் ஆனந்தம்

1884 ஜூன் மாதம் நியூயார்க்கின் கோனி தீவில் அவருடைய வண்டி ஓடியது. பாதையின் நீளம் 600 அடி. வேகம் மணிக்கு 6 மைல்தான், சைக்கிளே முந்திவிடும்! கட்டணம் 5 சென்ட். ஜனங்கள் அலைமோதினார்கள்.

உடனே போட்டியும் வந்தது. ஒருவர் வண்டி சுற்றி வரும்படி பாதை போட்டார். மற்றொருவர் சங்கிலியால் வண்டியை மேலே இழுத்தார். தாம்ப்ஸன் சளைக்கவில்லை. 1887-ல் அட்லாண்டிக் சிட்டியில் குகைகளும் வண்ணக் காட்சிகளும் நிறைந்த பாதை ஒன்றை அமைத்தார். ரஷ்யாவில் பனிச்சறுக்கு மேடைகள் முன்பே இருந்தன. சறுக்கு வண்டிக்குக் காப்புரிமை வாங்கியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் அதைப் பாமரர் கைக்கு எட்டச் செய்தவர் தாம்ப்ஸன்தான்.

தாயாரின் பயத்துக்குப் பதில்

1919 மே மாதம், 71-வது வயதில் அவர் காலமானார். முன்பு அவரிடம் வேலை பார்த்த ஜான் மில்லர், அதே ஆண்டில் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரம் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வண்டி எம்பிக் குதிக்காதபடி அது பிடித்துக்கொள்ளும். பயணிகள் செய்யவேண்டியது ஒன்றுதான்: தடுப்புக் கம்பி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது. உயரம் போதாத பிள்ளையைக் கெஞ்சிக் கூத்தாடி ஏற்றவும் வேண்டாம்.

தகப்பனாருக்கும் ஒரு வார்த்தை. உழைத்து உழைத்து உடம்பு கெட்ட ஒருவர்தான் இந்த வேடிக்கையை ஊருக்கு வழங்கினார். ஆண்டு முழுவதும் வயலிலும் சிமெண்ட் ஆலையிலும் பாடுபடுகிறவருக்கு ஒரு நாள் சிரிப்பு வீண் செலவல்ல. பிள்ளைகளை ஏற்றிவிட்டுக் கீழே பையைக் காத்துக்கொண்டு நிற்காமல், ஒரு முறை நீங்களும் ஏறிப் பாருங்கள்!