கடைக்குட்டி மோனியா நீட்டிய துண்டுச் சீட்டு

வீட்டுக்குக் கடைக்குட்டியாகப் பிறப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், பாவம் சின்னப்பிள்ளை, தெரியாம செஞ்சிடுச்சு என்று பரிந்து பேச நாலு பேர் இருப்பாங்க. போர்பந்தரில் 1869 அக்டோபர் 2-ம் தேதி பிறந்த மோகன்தாஸும் அப்படித்தான். புத்லிபாயின் நாலு பிள்ளைகளில் கடைசி. வீட்டில் செல்லப்பெயர் மோனியா.

காந்தி என்றதும் பொக்கைவாய்த் தாத்தா முகம்தானே ஞாபகத்துக்கு வருது? ஆனால், அக்கா ரலியத்துக்குத் தெரிந்த தம்பி வேற. ஒரு நிமிஷம் ஓரிடத்தில் உட்காராத பாதரசம். தெருநாய் கண்ணில் பட்டால் காதைப் பிடித்துத் திருகாமல் விடாத வாலு!

குடும்பம் ராஜ்கோட்டுக்குக் குடிபோன பிறகு, வால்தனமும் கூடவே வளர்ந்தது. சித்தப்பா புகைத்துப் போட்ட சிகரெட் துண்டுகளைப் பொறுக்கி, உறவுக்காரப் பையனோடு சேர்ந்து ஊதிப் பார்த்தான். அது போதாமல், பீடி வாங்க வேலைக்காரரின் சில்லறையில் கைவைத்தான்.

15 வயதில் நடந்தது இன்னும் பெரிசு. அண்ணன் கர்சன்தாஸுக்குச் சுமார் 25 ரூபாய் கடன். அண்ணன் கையிலோ கெட்டித் தங்கக் காப்பு. அதிலிருந்து ஒரு துணுக்கை வெட்டி எடுத்தார்கள். கடன் தீர்ந்தது. வெளியே யாருக்கும் தெரியாது. காப்பும் அண்ணனுடையது, கடனும் அண்ணனுடையது. நான் சின்னவன், அண்ணனுக்காகத்தான் செஞ்சேன் என்று சொல்லியிருந்தால் யார் மறுக்கப்போகிறார்கள்?

மோகன்தாஸுக்குத் தூக்கம் வரவில்லை. அப்பாவிடம் நேரில் சொல்லவும் வாய் வரவில்லை. அடிக்குப் பயந்து அல்ல, அப்பா கரம்சந்த் பிள்ளைகளை அடிக்கிறவரே இல்லை. மனசு உடைஞ்சுபோவாரே என்கிற பயம்தான்.

ஒரு சீட்டில் எழுதினான். குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்குத் தண்டனையும் கேட்டு, இதற்காக அப்பா தன்னையே வருத்திக்கொள்ளக் கூடாது என்று வேண்டி, இனி திருடுவதில்லை என்று உறுதி கொடுத்திருந்தான். அண்ணன் மேல் பழி போட்டதாக அவர் பின்னாளில் எழுதிய வரிகளில் சுவடே இல்லை. என்னைக் கேட்டால், மன்னிப்பு கேட்டதைவிட தண்டனை கேட்டதுதான் பெரிசு. எத்தனை பெரியவங்க அதைச் செய்வாங்க?

பவுத்திர நோயால் பலகையில் படுத்திருந்தார் அப்பா. நடுங்கும் கையால் சீட்டை நீட்டிவிட்டு எதிரே உட்கார்ந்தான் பையன். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். திட்டுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்று இவன் காத்திருக்க, கண்ணீர் வழிந்து காகிதம் நனைந்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடி யோசித்தார். சீட்டைக் கிழித்துப் போட்டார். பேசாமல் திரும்பப் படுத்துக்கொண்டார். பையனும் அழுதான்.

அந்த அப்பாவின் புண்ணுக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, ராத்திரி கால் பிடித்துவிடுவது எல்லாம் கடைக்குட்டியின் வேலை. 1885-ல் கரம்சந்த் காலமானார்.

கிழிந்துபோன அந்தச் சீட்டுக்கு நகல் கிடையாது. அதில் என்ன இருந்தது என்று நமக்குத் தெரிவதே, 1925-ல் நவஜீவன் இதழில் தன் கதையைத் தொடராக எழுத ஆரம்பித்தபோது, அந்தப் பையனே அதை ஊருக்கெல்லாம் சொன்னதால்தான்.