ஒரு கம்பியில் நால்வர்

கோலார் தங்கவயலில் ஸ்கெலட்டன் பகுதியைச் சேர்ந்தவன் நான். பாட்டனார் சுரங்கத் தொழிலாளி. 2001இல் சுரங்கத்தை மூடிய பின்னும் அவர் பேச்சில் கூண்டு ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்கும் குழி ஒன்று. அதன் வழியே மேலே வரக் காத்திருக்கும் தளங்களோ பல. தன் தளத்துக்குக் கூண்டு வரும்வரை நின்றே ஆகவேண்டும் என்பார். எமில் போதோவின் வாழ்க்கையைப் படித்தபோது அந்தக் கூண்டுதான் என் கண்முன் நின்றது.

போதோ 1845இல் பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் உழவர் குடியில் பிறந்தார். ஊர்ப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. தந்தையின் நிலத்தில் உழைத்தவர், 1869இல் தந்தித் துறையில் பயிற்சி ஊழியராகச் சேர்ந்தார். ஒருவர் கை ஓர் எழுத்தை அனுப்பும் நேரத்தில் கம்பி எத்தனையோ எழுத்துகளைச் சுமக்க வல்லது என்பதை அங்கே கண்டார். கம்பியின் நேரத்தைப் பங்கிடும் எண்ணம் மேயர் என்பாருக்கு முன்பே உண்டு. அதனுடன் எழுத்துக்கு ஐந்து துடிப்பு என்னும் முறையை இணைத்தவர் போதோ.

நண்பர்களே, அப்பொறியின் அழகைக் கேளுங்கள்! நான்கு ஊழியர், ஆளுக்கு ஐந்து கட்டைகள், இடக்கையில் இரண்டு விரல், வலக்கையில் மூன்று. நால்வர் கையும் ஒத்து நடக்குமா? நடக்காது. ஆகவே அழுத்திய கட்டைகள் அப்படியே பூட்டிக்கொள்ளும். சுழலும் தொடுமுனை அவர் பங்குக்கு வந்து எழுத்தை எடுத்துச் சென்றதும், 'டக்' என்ற ஒலியோடு விடுபடும். அடுத்த எழுத்தை உடனே அழுத்த வேண்டும்; பிந்தினால் அந்தச் சுற்று வெறுமையாகப் போகும். நிமிடத்திற்கு 30 சொற்கள். கம்பிக்கு வந்த இலாபத்தை ஊழியரின் விரல்களே கொடுத்தன என்பேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரே என்பவர் துளைநாடாவைப் புகுத்திய பிறகே, தம் வேகத்தில் தட்டிவைக்கும் உரிமை அவர்களுக்குக் கிட்டியது. தத்தம் கடிகாரப்படி வரும் எண்முறைச் சைகைகளை இன்றும் நினைவகத்தில் சற்றே நிறுத்தி, குறையும் இடத்தில் வெற்றுத் துடிப்பை நிரப்பித்தான் ஒரே இழையில் ஏற்றுகிறார்கள்.

1878 பாரிசுப் பொருட்காட்சியில் போதோவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. ஆராய்ச்சிக்குத் துறையின் உதவியோ சொற்பம். செலவுக்காக 1880இல் அப்பதக்கத்தையே விற்றார். 1903இல் மறைந்தார். நொடிக்கு எத்தனை சைகை என்று எண்ணும் அலகுக்கு, அவர் பெயரைக் கத்தரித்துப் 'பாட்' என்று பிற்காலத்தார் பெயரிட்டனர்.

இவ்வளவையும் பாட்டனாரிடம் சொன்னேன். தங்கப் பாறையை ஆயுள் முழுதும் வெட்டியவர் கேட்டது ஒன்றுதான்: அந்தப் பதக்கத்தில் எத்தனை பவுன் இருந்திருக்கும் என்று.