இந்தியக் கடலியலின் முன்னோடி என். கே. பணிக்கர்

நம் உத்திரமேரூருக்கு அருகே திருமுக்கூடலில் பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. கூடிய நீர் கிழக்கே ஓடி, வயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. மழை மிகுந்த ஆண்டுகளில் அதைக் காணும் நாம், இவ்வளவு நீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே என்று வருந்துகிறோம். உழவர் மக்களாகிய நமக்கு அவ்வருத்தம் இயல்பே. ஆனால் ஆறு கடலைத் தொடும் அந்த இடத்தில் என்ன நிகழ்கிறது என்பதை ஆராய்வதில் தம் இளமையைச் செலவிட்டார் ஓர் அறிஞர். அவரே என். கே. பணிக்கர்.

1913-இல் கோட்டயத்தில் பிறந்த பணிக்கர், சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக் கூடத்தில் பேராசிரியர் ஆர். கோபால அய்யரிடம் ஆராய்ச்சி பயின்றார். அன்னார் இருவரும் தொலைதூரக் கடல்களைத் தேடிச் செல்லவில்லை; பக்கத்திலிருந்த அடையாற்று முகத்துவாரத்தையும் சென்னையின் உவர்நீர்ப் பரப்புகளையும் ஆராய்ந்தனர். மழைக்காலத்தில் அங்கு நீர் ஏறக்குறைய நன்னீராகிவிடும். கோடையில் மணல்மேடு வாயை அடைத்துக் கொள்ள, உப்பு ஏறும். இத்தகைய இடத்தில் எந்த உயிர்கள் வாழ்கின்றன என்று எழுதி, 1937-இல் வெளியிட்டனர்.

அடுத்த கேள்வி தானே எழுந்தது. உப்பு இப்படிக் கூடிக் குறையும்போது அவ்வுயிர்கள் சாகாதிருப்பது எப்படி?

உடலின் உப்பைவிட வெளிநீரில் உப்பு குறைந்தால், வெளிநீர் உடலுள் புகும். உடலின் உப்பு வெளியேறும். வெளிநீரில் உப்பு மிகுந்தால் இதற்கு நேர்மாறு. இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வுக் கூடத்தில் பணிக்கர் இறால்களை வெவ்வேறு உப்புள்ள நீரில் விட்டுச் சோதித்தார். சில இறால்கள் கடல்நீரில் தம் குருதியை அந்நீரைவிட உப்புக் குறைவாகவும், நீர்த்த நீரில் அதைவிட உப்பு மிகுதியாகவும் வைத்துக்கொள்கின்றன என்று 1941-இல் வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு இன்னொன்றையும் எடுத்துரைத்திருந்தார். வெப்பம் மிகுந்த நீரில் உப்புக் குறைவைத் தாங்குவது எளிது. ஆகவேதான் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் கடலுயிர்கள் கழிகளுக்குள்ளும் ஆறுகளுக்குள்ளும் அதிகமாக ஏறி வருகின்றன என்பது அவர் கருத்து. என் எண்ணத்தில், அவர் வகித்த பதவிகள் அனைத்தையும்விட இச்சிறு ஆராய்ச்சியே பெரிது.

தாயகம் திரும்பியபின், 1950களில் மண்டபத்தில் இயங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்திற்கு இயக்குநரானார். எம். கிருஷ்ண மேனனுடன் சேர்ந்து இந்திய இறால் வளம் குறித்து எழுதினார். நம் கடைத்தெருவுக்கு வரும் பெரிய இறால் வகைகள் பல கடலில் முட்டையிடுகின்றன. குஞ்சுகள் முகத்துவாரம் வழியே கழிக்குள் வந்து வளர்ந்து மீண்டும் கடலுக்குச் செல்கின்றன. ஆற்று நீர் வந்து கலவாவிடில் அந்தக் கழி அவற்றுக்குத் தொட்டிலாகாது. உழவனுக்கு வீணாகத் தோன்றும் நீரில் மீனவனின் பிழைப்பு இருக்கிறது. இரண்டு வயிறுகளுக்கும் இடையேயான இவ்வழக்கு எளிதில் தீர்வதன்று.

1959 முதல் 1965 வரை பல நாடுகள் கூடி இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தபோது, இந்தியப் பங்கினை நடத்தும் பொறுப்பு 1962-இல் பணிக்கரிடம் வந்தது. போர்க்கப்பலாகக் கட்டப்பட்ட 'கிஸ்ட்னா' அப்போது ஆய்வுக் கப்பலாக ஓடியது! பல நாட்டுக் கப்பல்களும் வலைவீசி எடுத்த மிதவை உயிரிகள் கொச்சிக்கு வந்து, ஒரே இடத்தில் வகை பிரிக்கப்பட்டன. இம்முயற்சியின் விளைவாக 1966 சனவரி 1-இல் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. அதன் முதல் இயக்குநர் பணிக்கரே. கோவாவில் அது நிலைகொண்டது. 1973 வரை அப்பொறுப்பிலிருந்த அவர் 1977-இல் மறைந்தார்.

அவருக்குப்பின் அந்நிறுவனத்தின் இயக்குநராக இருந்த காசிம் தலைமையில், 21 பேர் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 சனவரி 9 அன்று அண்டார்க்டிக்காவில் இறங்கினர். இந்தியாவின் முதல் பயணம் அதுதான். பணிக்கர் அதைக் காணவில்லை. எனினும் அவர் கேள்வி அங்கும் உண்டு. கடல்நீர் உறையும்போது உப்பின் பெரும்பகுதி பனிக்கட்டியை விட்டு வெளியேறுகிறது. எஞ்சியது பனியினுள் நுண்ணிய குழாய்களில் கடும் உவர்நீராகத் தங்குகிறது. அக்குழாய்களில் பாசிகள் வாழ்கின்றன. கோடையில் பனி உருகினால் அவை திடீரென நன்னீரில் விடப்படுகின்றன. அடையாற்று இறாலுக்கு ஐப்பசி மழை தரும் அதே சோதனைதான்.

அடையாற்று முகத்துவாரம் இன்று மாநகரக் கழிவுநீரால் கறுத்துக் கிடக்கிறது. அங்கே முன்பு எவை வாழ்ந்தன, இன்று எவை எஞ்சின என்று ஒப்பிட விரும்புவோர், 1937-இல் அந்த ஆசிரியரும் மாணவரும் எழுதி வைத்ததைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.