நெருப்புக்கு உறை போட்டவர்: அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி

கடந்த வருடம் உம்மாவுக்குப் பித்தப்பைக் கல் ஒப்பரேஷன். ஹட்டனில் விடாத மழை. தியேட்டருக்குக் கொண்டு போகுமுன் மிஸி ஒருவர் வந்து வளையல், மோதிரம், காதணி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். முப்பது வருடமாகக் கையை விட்டு இறங்காத இரண்டு வளையல்கள். சவர்க்காரம் போட்டு இழுத்துத்தான் எடுத்தோம். களவு போய்விடும் என்பதற்காகச் சொல்கிறார்கள் என்று உம்மா நினைத்துக்கொண்டிருந்தார். உள்ளே கரண்டால் சுடுவார்கள், உடம்பில் உலோகம் இருக்கக் கூடாது என்று மிஸி விளக்கியதும் அவர் முகம் வெளிறிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் இருந்த தோட்டத்து அம்மா, தனக்கும் அப்படித்தான் செய்தார்கள், ஒன்றுமே தெரியவில்லை என்று தைரியம் சொன்னார்.

வெளியே வாங்கில் காத்திருந்தபோது எனக்கு அஸ்ஸஹ்ராவி நினைவுக்கு வந்தார். ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் முதன்முதலாகக் கேள்விப்பட்ட பெயர். மீலாத் விழா மேடைகளிலும் வட்ஸ்அப்பிலும் அவரை இன்றும் சந்திக்கிறோம். சத்திரசிகிச்சையின் தந்தை, 200 கருவிகள், ஐரோப்பா அவரிடம் கற்றது என்று மூன்று வரியில் முடித்துவிடுகிறோம். அவர் எதற்குப் பயந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை.

அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவி, ஸ்பெயினின் குர்துபா நகருக்கு அருகே இருந்த மதீனதுஸ் ஸஹ்ராவைச் சேர்ந்தவர். கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் அந்த மாளிகை நகரைக் கட்டத் தொடங்கியது 936இல். இவரது பிறப்பையும் அந்த வருடத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். வாழ்க்கை பற்றிய குறிப்புகள் மிகக் குறைவு. அவர் மறைந்து பல வருடங்களுக்குப் பின் அல்ஹுமைதி எழுதிய சில வரிகள் போன்றவைதான் மிஞ்சியிருக்கின்றன. அவரை நாம் அறிவது அவருடைய நூலினால். அத்தஸ்ரீஃப் என்ற அந்த நூல் 30 பாகங்கள் கொண்டது. நீண்ட கால வைத்திய அனுபவத்தைத் திரட்டி, கிட்டத்தட்ட 1000ஆம் ஆண்டளவில் எழுதி முடித்தார்.

கடைசிப் பாகம்தான் சத்திரசிகிச்சை. அதன் தொடக்கத்தில் தன் வெற்றிகளை அவர் அடுக்கவில்லை, மற்ற வைத்தியர்களின் தவறுகளைச் சொல்கிறார். உடற்கூறு தெரியாத ஒருவர், பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியை அறுக்கப் போய் நாடியை வெட்டிவிட்டார். அவள் அவர் கண்முன்னே இரத்தம் கொட்டி இறந்தாள். இன்னொருவர் முதியவர் ஒருவரின் சிறுநீர்ப்பையில் இருந்த பெரிய கல்லை எடுக்கப் போனார். அந்த முதியவரும் சில நாட்களில் இறந்தார். தன் மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்து, இந்த வேலை எவ்வளவு ஆபத்தானது என்று எச்சரித்துவிட்டுத்தான் கருவிகளின் பக்கமே போகிறார்.

அந்தப் பாகத்தின் முதற்பகுதி முழுவதும் சூடு வைத்தல் பற்றியது, 56 அத்தியாயங்கள். சூட்டை வேறு வழியில்லாத நேரத்துக்கு உரியதாகப் பார்க்கும் ஹதீஸ் வழக்கு நாம் அறிந்ததே. அவர் காலத்து மக்களோ, சூடு வைத்த நோய் திரும்பி வரவே வராது என்று நம்பினார்கள். அது சரியல்ல என்று அவர் மறுக்கிறார். தங்கத்தால் சுடுவதே சிறந்தது என்ற பழைய கருத்தையும் ஏற்கவில்லை. தங்கம் எந்த அளவு சூடேறியது என்று நிறத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம், சீக்கிரம் ஆறிவிடும், கூடிப்போனால் உருகிவிடும், ஆகவே இரும்பே நல்லது என்கிறார். தானே செய்து பார்த்தவனின் பேச்சு இது.

எனக்கு மிகவும் பிடித்தது பல்வலி அத்தியாயம். பல்லைச் சுட வேண்டும், வாய் சுடுபடக் கூடாது. அதற்குத் தடித்த உலோகக் குழாய் ஒன்றைப் பல்லின் மேல் வைத்து, அதற்குள்ளால் காய்ச்சிய கம்பியை இறக்கச் சொல்கிறார். இரத்தம் பீறிடும் நாடியைச் சுடும்போதும், பக்கத்தில் ஓடும் நரம்பைச் சுட்டு இன்னொரு நோயை உண்டாக்கிவிடாதே என்பது அவருடைய எச்சரிக்கை.

12ஆம் நூற்றாண்டில் கிரேமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு தொலெதோவில் இதை இலத்தீனில் மொழிபெயர்த்தார். பின்னர் சில நூற்றாண்டுகள் ஐரோப்பிய வைத்தியர்கள் இதைப் படித்தார்கள். மதீனதுஸ் ஸஹ்ரா மட்டும் உள்நாட்டுப் போரில் 1010ஐ ஒட்டிச் சூறையாடப்பட்டது. அவர் 1013இல் மறைந்ததாகச் சொல்வர். தான் பிறந்த ஊர் பாழாவதை அவர் கண்டிருக்கக் கூடும்.

நெருப்பின் இடத்துக்கு மின்சாரம் வந்தது மிகவும் பிந்தி. தாவரவியலில் தொடங்கிய வில்லியம் போவி என்ற அமெரிக்கர் செய்த கருவியை, மூளை சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1926 ஒக்டோபர் 1ஆம் திகதி பொஸ்டனில் பயன்படுத்தினார். இரத்தப்போக்கால் சில நாட்களுக்கு முன் கைவிட்ட கட்டியை அன்று அகற்ற முடிந்தது. ஆனால் பின்னொரு ஒப்பரேஷனில் ஈதர் ஆவி தீப்பற்றியது. இன்னொன்றில் உலோகக் கருவி வழியாகக் குஷிங்கின் கைக்கே ஷொக் அடித்தது. இவற்றையும் அவர் மறைக்காமல் எழுதி வைத்தார். இந்த இடத்தில் அவரும் அஸ்ஸஹ்ராவியும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் போலத் தெரிகிறார்கள்.

உம்மா வார்டுக்குத் திரும்பியதும் கேட்ட முதல் கேள்வி, கரண்ட் உடம்புக்குள் போய் எங்கே போனது என்பதுதான். நல்ல கேள்வி, என் ஒன்பதாம் வகுப்பில் யாரும் கேட்டதில்லை. வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 தடவை அலைகிறது, இது சில இலட்சம் தடவை, அதனால் தசையும் இதயமும் துடிப்பதில்லை என்றேன். கருவியின் நுனி சிறியது, மின்னோட்டம் அங்கே நெருங்கிச் சுடுகிறது. தொடையில் ஒட்டிய அகன்ற தகடு வழியாகப் பரந்து வெளியேறுவதால் அங்கே சுடுவதில்லை. அந்தத் தகடு பாதி கழன்றால், ஈரம் பட்டால், அங்கேயும் தோல் வெந்துவிடும். ஸ்பிரிட் பூசிய தோல் காயுமுன் சுட்டால் தீப்பிடிக்கும். வயிற்றுக்குள் விடும் நீளமான கருவியின் தண்டுக்கு மின் கடத்தாத உறை உண்டு. அதில் ஒரு சிறு வெடிப்பு இருந்தாலும் கமெராவில் தெரியாத இடத்தில் குடல் சுடுபடலாம். அதனால்தான் ஒவ்வொரு முறையும் உறையைப் பார்த்துவிட்டுத்தான் கையில் எடுக்க வேண்டும்.

பல்லுக்கு வைத்த குழாய் கதையையும் சொன்னேன். உம்மா பாதியில் தூங்கிவிட்டார். தொடையில் இருந்த தகட்டின் அடையாளம் இரண்டு நாளில் மறைந்தது. வளையல்கள்தான் இன்னும் கையில் ஏறவில்லை, அலுமாரியில் கிடக்கின்றன.